புத்தாண்டு கியோசாவுக்கு எந்தப் பூரணம்: காலர்டா, தட்டைப்பயறா, சர்க்கரைவள்ளியா?

ஜனவரி 1 மதியம் அட்லாண்டாவில் எங்கள் வீட்டில் 12 பேர் சாப்பிடுவார்கள். பாதிப் பேர் ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பம், இரண்டு பேர் ஜப்பானிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மீதி நாங்கள். எல்லாருக்கும் பொதுவாக, சோல் ஃபுட் ருசியில் பூரணம் வைத்த ஜப்பானியக் கியோசா செய்கிறேன். ஆளுக்கு ஐந்து என்று வைத்தால் 60 கியோசா. நேரமும் அடுப்பும் ஒரே ஒரு பூரணத்துக்குத்தான் இடம் தரும் என்றால் எதைச் செய்வது? மூன்று வருடமாகச் செய்து, தின்று, சில தட்டுகளைத் தூக்கிப் போட்ட பிறகு எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. அதைவிட, அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கியோசா தெரியாதவர்களுக்கு: மெல்லிய கோதுமை மாவு வட்டத்தில் பூரணம் வைத்து, சோமாசி ஓரம் மடிக்கிற மாதிரி ஒரு பக்கம் மட்டும் கொசுவி மூடி, வாணலியில் அடிப்பக்கம் சிவக்க வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி ஆவியில் வேகவிடுவது. சீனத்து ஜியாவ்ட்ஸிதான் இதன் தாய். 1945க்குப் பிறகு சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் அந்தக் கைப்பழக்கத்தோடு வந்தார்கள். இன்றைக்கு உட்சுனொமியா, ஹமமட்சு, மியசாகி என்று ஊருக்கு ஊர் யார் அதிகம் கியோசா சாப்பிடுகிறார்கள் என்று போட்டி போடுகிற அளவுக்கு அது அவர்கள் சாப்பாடாகிவிட்டது. சோல் ஃபுட் என்பது அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களின் சமையல். அடிமை முறையின் கீழ், கிடைத்த கீரையையும் யாரும் எடுக்காத இறைச்சித் துண்டையும் வைத்து உருவான ருசி. பிறகு 1910களிலிருந்து 1970 வரை தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போன சுமார் 60 லட்சம் பேரோடு நாடு முழுக்கப் பரவியது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சமூக வலைத்தள மோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் கிரென்ஷா சாலையில் ஹாலிடே பவுல் என்று ஒரு பவுலிங் அரங்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் மீண்டு வந்து 1958இல் திறந்தது. அதன் காபிக் கடையில் உடோன் என்ற ஜப்பானியத் தடித்த நூடுல்ஸும் கிரிட்ஸ் என்ற தெற்கத்தி மக்காச்சோளக் கஞ்சியும் ஒரே சமையலறையிலிருந்து வந்தன, கறுப்பினத்தாரும் ஜப்பானியர்களும் அடுத்தடுத்த மேசையில் சாப்பிட்டார்கள், 2000 வரை அது நடந்தது. அதனால் இந்தக் கலப்புக்கு ஒரு முகவரி உண்டு. மரியாதையோடு செய்யவேண்டிய சமையல் இது.

இனி நான் பார்த்தது இரண்டு விஷயம். முதலாவது, சாப்பிடுகிற இரண்டு தரப்பும் கடித்தவுடன் இது நம்ம சாப்பாடு என்று அடையாளம் காண வேண்டும். இரண்டாவது, ஈரம். கியோசா கெட்டுப்போவதற்கு பத்தில் ஒன்பது முறை காரணம் ஈரம்தான். பூரணத்தில் தண்ணீர் அதிகமானால் தோல், அதாவது மேலே மூடுகிற மாவு வட்டம், கிழியும், குறைந்தால் மாவு தின்கிற மாதிரி இருக்கும்.

முதலில் எதை விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுகிறேன். மேக் அண்ட் சீஸ், அதாவது சீஸில் பிசைந்த மக்கரோனி, வைத்த கியோசா. எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். மாவுக்குள் மாவு, உள்ளே உருகி ஓடுகிற சீஸ். பொரித்தால் குழந்தைகள் தின்பார்கள், ஆனால் அதில் ஜப்பானும் இல்லை, பேக்கிங் தட்டில் மேலே மொறுமொறுவென்று சிவந்து வருகிற அந்த நல்ல மேக் அண்ட் சீஸும் இல்லை. அப்புறம் சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ். தெற்கிலேயே டம்ப்ளிங் என்று ஒன்று இருக்கிறதே, அதையே கியோசாவாக்கினால் என்ன என்று நானும் ஆசைப்பட்டேன். கோழியை நன்றாக வேகவைத்து உதிர்த்து, அதே கோழிச் சாற்றில் சுய் கியோசா, அதாவது அவித்த கியோசா, செய்தேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெற்கத்திச் சாப்பாட்டின் உயிர் குழம்பில் ஊறிப்போன மாவுத் துண்டுகள்தான், கோழி அதற்குத் துணை. கோழியை மாவுக்குள் போட்டு மூடியதும் அது சாதாரண கோழி சூப் ஆகிவிட்டது. மழை நாளில் நாலு பேருக்குச் செய்யுங்கள். புத்தாண்டுக்கு வேண்டாம்.

மிச்சமிருப்பது மூன்று, அந்த மூன்றும் வருவது புத்தாண்டு மேசையிலிருந்துதான். தெற்கில் ஜனவரி 1 அன்று பிளாக்-ஐட் பீஸ், காலர்டு மாதிரி கீரை, கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி சாப்பிட்டே ஆகவேண்டும். பயறு நாணயம், கீரை நோட்டு, கார்ன்பிரெட் தங்கம் என்பார்கள். ஜப்பான் 1873இல் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியதிலிருந்து அவர்களுக்கும் புத்தாண்டு அதே ஜனவரி 1 தான். அவர்களுடைய ஒசெச்சி என்ற புத்தாண்டுச் சாப்பாட்டுப் பெட்டியில் கருப்பு சோயா பயறு உண்டு, சர்க்கரைவள்ளியை மசித்து கஷ்கொட்டையோடு பிசைந்த பொன்னிறக் குரி கின்டன் உண்டு, அந்தப் பொன்னிறமும் செல்வத்துக்கு அடையாளம். இந்தப் பொருத்தம் எனக்குத் தெரிய வந்த நாளில்தான் கியோசாவைப் புத்தாண்டுக்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பயறிலிருந்து தொடங்குகிறேன். பிளாக்-ஐட் பீஸ் என்பது நம்ம தட்டைப்பயறுதான், சில ஊரில் காராமணி. ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர், அடிமைக் கப்பல்களின் காலத்தில் அமெரிக்கா போனது. ஜப்பானில் இதே இனத்துப் பயறுக்கு சசகே என்று பெயர். கல்யாணம், பிறந்தநாளுக்குச் செய்கிற சிவப்புச் சோறு செகிஹானில் பொதுவாக அசுகி பயறு போடுவார்கள், ஆனால் டோக்கியோ பக்கம் சசகேதான் வழக்கம். அசுகி வேகும்போது தோல் வெடிக்கும், அது சாமுராய்களுக்கு வயிற்றைக் கிழித்துக்கொள்வதை நினைவூட்டியதால் தோல் வெடிக்காத சசகேவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. தெற்கில் பயறும் சோறும் சேர்த்துச் செய்கிற ஹாப்பின் ஜானையும் செகிஹானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒரே இனத்துப் பயறு, கூடவே சோறு.

இவ்வளவு நல்ல கதை இருந்தும் கியோசாவுக்குள் தட்டைப்பயறு சுலபமாக அமரவில்லை. முழுப் பயறாகப் போட்டால் மடிக்கும்போது தோலைக் குத்திக் கிழிக்கிறது. மசித்துப் போட்டால் ஆவியில் வெந்தபிறகு வாயில் ஒட்டுகிற களி. பாதி மசித்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கிச் சேர்த்து, எண்ணெயில் பொரித்த அகே கியோசாவாகச் செய்தபோதுதான் சரியாக வந்தது. அதற்கும் காரணம் உண்டு: மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பயறை ஊறவைத்து அரைத்துப் பொரிப்பார்கள், அக்கரா என்று பெயர், நம்ம வடைக்கு நேர் உறவு. பொரிப்பது இந்தப் பயறுக்குப் பழகிய வழி. இறைச்சி சாப்பிடாதவர்கள் மேசையில் இருந்தால் இதைத்தான் செய்வேன். ஆனால் 60 துண்டைப் பொரித்துக்கொண்டே நின்றால் விருந்தாளிகளோடு உட்கார முடியாது, ஆறினால் மொறுமொறுப்பும் போய்விடும்.

சர்க்கரைவள்ளி கொஞ்சம் வேறு மாதிரி. சோல் ஃபுட்டில் கேண்டீட் யாம்ஸ் என்கிறார்கள், யாம் என்று பெயர் இருந்தாலும் கிழங்கு சர்க்கரைவள்ளிதான். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, ஜாதிக்காய், பட்டை. ஜப்பானியரின் சட்சுமா கிழங்கு உள்ளே வெளிர் மஞ்சள், மாவுத்தன்மை அதிகம். அமெரிக்க ஆரஞ்சுக் கிழங்கு ஈரம். ஆரஞ்சை மட்டும் போட்டால் கியோசா தொய்ந்துவிடும், சட்சுமாவை மட்டும் போட்டால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அது யாம்ஸே இல்லை. பாதிக்குப் பாதி, இரண்டையும் அவிக்காமல் தோலோடு ஓவனில் சுட்டு, தோலுரித்து மசித்து, வெண்ணெயில் கொஞ்சம் ஈரம் சுண்டும்வரை கிளறினால் பூரணம் கையில் உருட்ட வரும், மோதகப் பூரணம் மாதிரி. அருமையான இனிப்பு. ஆனால் இனிப்பு. ஒன்றே ஒன்று என்ற கணக்கில் இது சாப்பாட்டுக்கு நிற்காது. 12 துண்டு தனியாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஆளுக்கு ஒன்று.

சரி, காலர்டு கீரை.

என் தேர்வு இதுதான், அதுவும் புகையூட்டிய வான்கோழி இறக்கையோடு. காலர்டும் முட்டைக்கோஸும் தாவரவியலில் ஒரே இனம், காலர்டு உருண்டை கட்டாத முட்டைக்கோஸ், அவ்வளவுதான். ஜப்பானியக் கியோசாவின் பூரணத்தில் பாதி முட்டைக்கோஸ் என்பதால் அந்த இடத்தில் காலர்டு போய் உட்காரும்போது நாக்குக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. என் வீட்டுக்கு வருகிற இரண்டு ஜப்பானியரில் ஒருவர் உட்சுனொமியாக்காரர், கியோசாவில் யாரையும் சுலபமாகப் பாராட்டாதவர், முதல் வருடம் இதைத்தான் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

அடுத்தது புகை. தெற்கத்திக் கீரைச் சட்டியில் புகையூட்டிய பன்றிக் கணுக்காலோ வான்கோழி இறக்கையோ கிடக்கும், கறி தின்பதற்கு என்பதைவிடச் சாற்றுக்கு ருசி ஏற்றத்தான். ஜப்பானியரின் அடிப்படைச் சாறான தாஷியில் கட்சுவோபுஷி செய்கிற வேலையும் அதேதான்: வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காய வைத்த மீன். மாசிக்கருவாடு போட்டுச் சம்பல் இடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மாசியும் கட்சுவோபுஷியும் ஒரே சூரை மீன். புகை பிடித்த ஒரு துண்டை வைத்து ஒரு சட்டி முழுக்க ருசி ஏற்றுவது இரண்டு சமையலுக்கும் பொதுவான புத்தி. காலர்டு கியோசாவில் அந்தப் புகை வாசனை தானாகவே இரண்டு பக்கமும் பேசுகிறது.

கணுக்காலா, இறக்கையா? கணுக்காலில் பசைத்தன்மை அதிகம், சாறு குளிர்ந்தால் கெட்டியாக உறையும், ருசியும் ஒரு படி ஆழம். இறக்கையில் கொழுப்பு குறைவு, உதிர்க்கச் சுலபம், பன்றி சாப்பிடாதவர்களும் சாப்பிடலாம். பல தெற்கத்தி வீடுகளே வான்கோழிக்கு மாறி வெகு நாளாகிறது. பலதரப்பட்டவர்கள் உட்காரும் மேசைக்கு இறக்கைதான் சரி. கீரையில் கடுகுக்கீரை இன்னொரு தேர்வு. ஜப்பானின் க்யூஷுவில் ஊறுகாய் போடுகிற தகானாவும் கடுகுக்கீரை வகைதான், அதனால் உறவு இருக்கிறது. ஆனால் அது சீக்கிரம் குழைந்து நிறைய தண்ணீர் விடும். காலர்டில் கால் பங்கு கலந்தால் நல்ல காரம், முழுவதும் அதுவேயானால் சொதசொதப்பு.

எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதில்தான் நான் முதலில் தவறினேன். பச்சையாக நறுக்கி உப்பு பிசறிப் பிழிந்து போட்டேன், முட்டைக்கோஸுக்குச் செய்வது போல. காலர்டு இலை தோல் மாதிரி தடிமன், ஐந்து நிமிட ஆவி அதை ஒன்றும் செய்யவில்லை, மென்று மென்று தாடை வலித்தது. அடுத்த முறை பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி இரண்டு மணி நேரம். அவர் தட்டில் அது அமிர்தம், கியோசாவுக்குள் துவையல். 45 நிமிடம்தான் நடுவழி: இலை மிருதுவாகும், ஆனாலும் பல்லுக்கு ஏதோ இருக்கும்.

60 துண்டுக்குக் கணக்கு இப்படி. இரண்டு கட்டு காலர்டு, நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, புகையூட்டிய இறக்கை ஒன்று, வெங்காயம், பூண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு. இறக்கையை முதலில் ஒரு மணி நேரம் தனியாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் கீரையைப் போடுங்கள். வெந்த கீரையை வடிகட்டி, ஆறவைத்து, துணியில் கட்டி முழு பலத்தோடு பிழிந்தால் 350 கிராம் தேறும். பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். உதிர்த்த வான்கோழி 200 கிராம். இரண்டும் ஏற்கெனவே வெந்தவை, ஒன்றோடொன்று பிடிக்காது, கடித்தால் உதிரும், அதனால் பச்சைக் கோழித் தொடைக் கொத்துக்கறி 150 கிராம் சேர்த்து ஒரே திசையில் நன்றாகப் பிசையவேண்டும், அதுதான் பசை. துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, வெங்காயத்தாள், சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. ஜப்பானிய எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனை தூக்கலாக இருக்கும், கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். உப்பு தனியாக வேண்டாம், இறக்கையிலேயே தாராளமாக இருக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு துளி பூரணத்தை வாணலியில் தட்டிப் பொரித்து ருசி பாருங்கள்.

கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதற்குப் பெயர் பாட் லிக்கர். இலையின் சத்து, புகை, பூண்டு எல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது, தெற்கில் கார்ன்பிரெட்டை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள், கோப்பையில் ஊற்றிக் குடிப்பார்கள். கியோசாவை வாணலியில் வைத்து அடி சிவந்ததும் ஊற்றுகிறோமே ஒரு அரைக் கோப்பைத் தண்ணீர், அந்த இடத்தில் நான் பாட் லிக்கரை ஊற்றினேன். பூரணத்தில் என்னவெல்லாமோ கலந்து பார்த்த எனக்கு இந்த இரண்டு சமையலும் உண்மையில் சேர்ந்த இடம் அந்தத் தண்ணீரில்தான் கிடைத்தது. தோலே கீரைச் சாற்றில் வேகிறது, மூடியைத் திறந்தவுடன் வருகிற ஆவியில் பக்கத்து வீட்டு அம்மாவின் அடுப்படி வாசனை.

அதோடு கார்ன்பிரெட்டும் சேர வேண்டுமே. ஜப்பானில் ஹானே என்று ஒன்று உண்டு, இறக்கை என்று அர்த்தம்: ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் மாவு கரைத்தால், வற்றியதும் கியோசாக்களைச் சுற்றி மெல்லிய மொறுமொறு வலை படரும். டோக்கியோவில் கமாட்டா பகுதி இதற்குப் பெயர் போனது. அந்த மாவில் பாதியை மக்காச்சோள மாவாக மாற்றினேன், வெள்ளைக் கார்ன் ஃப்ளார் இல்லை, ரவை மாதிரி மஞ்சளாக இருக்கிறதே அதில் நைசானது. 150 மில்லி திரவத்துக்கு மைதா இரண்டு தேக்கரண்டி, மக்காச்சோள மாவு இரண்டு தேக்கரண்டி. திரவத்தில் பாதி பாட் லிக்கர், பாதி வெறும் தண்ணீர், முழுக்கப் பாட் லிக்கர் என்றால் வற்றும்போது உப்புக் கரிக்கும், அடியும் பிடிக்கும். சோள மாவு அடியில் தங்கும், ஊற்றுவதற்கு முந்தைய நொடிவரை கலக்கிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடம் மூடி, பிறகு திறந்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு, சலசலப்பு அடங்கி வலை ஓரம் தூக்கும்வரை பொறுத்து, தட்டைக் கவிழ்த்துத் திருப்பினால் ரவா தோசை மாதிரி பொன்னிற வலை. மேசைக்குத் தங்கமும் வந்துவிட்டது.

தோலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 60 துண்டுக்குக் கடையில் கிடைக்கிற வட்டத் தோலே போதும், ஜப்பானிய வகை சீன வகையைவிட மெலிது, வலை பிடிக்க அதுதான் நல்லது. சதுர வான்டான் தோல் இதற்கு ஆகாது. தோலிலேயே சோள மாவு கலக்கலாமா என்று தோன்றும், அதில் குளூட்டன் இல்லை, மடிக்கும்போது பிளக்கும்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வழக்கமான சோயா, அரிசி வினிகர், ரயு என்ற மிளகாய் எள் எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எள் வாசனை புகையை அமுக்கியது. வெறும் ஹாட் சாஸ் கீரையை அமுக்கியது. மூன்றாவது, தெற்கில் கீரைமேல் தெளிக்கிற மிளகாய் வினிகர்: சிறிய பச்சை மிளகாய்களைப் புட்டியில் நிரப்பிச் சூடான வினிகர் ஊற்றி இரண்டு வாரம் விட்டது. ஜப்பானில் சிலர் சோயாவே இல்லாமல் வினிகரும் மிளகுத்தூளும் மட்டும் வைத்துக் கியோசா சாப்பிடுவார்கள், அதனால் இந்தப் புளிப்புக் காரம் அவர்களுக்கும் உடனே புரிந்தது. மூன்று பங்கு மிளகாய் வினிகருக்கு ஒரு பங்கு சோயா. இதற்காகவே டிசம்பர் நடுவில் ஒரு புட்டி போட்டு வைத்துவிடுகிறேன்.

டிசம்பர் 31 இரவே மடித்துவிடுங்கள், இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அடித்தோல் ஈரம் குடித்துத் தட்டோடு ஒட்டியிருக்கும், அதனால் சோள ஸ்டார்ச் தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி நேராக ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் உருகவிடாமல் உறைந்தபடியே வாணலிக்குப் போகலாம், மூடுகிற நேரம் ஏழு நிமிடம். ஒரு வாணலிக்கு 14 பிடிக்கும், கடைசித் தட்டு வரும்போது முதல் தட்டு காலியாகியிருக்கும். மீந்த பாட் லிக்கரைச் சூடாக்கிச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கூடவே வையுங்கள். போன வருடம் அந்த அம்மா தன் கியோசாவை வினிகரில் தொடாமல் அந்தக் கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட்டார், கார்ன்பிரெட்டைத் தோய்க்கிற மாதிரியே, மேசையில் இருந்த மற்றவர்களும் அதையே செய்யத் தொடங்கினோம்.